மூணு முழ கேஸ் ஹோஸ் யாரோடது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் சுங்கை சிப்புட்ல இருந்து எழுதறேன். பொறந்தது வளந்தது எல்லாம் எல்பில் தோட்டத்துல, அம்மா பால்மரம் வெட்டுனவங்க. கல்யாணம் கட்டி டவுனுக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆச்சு, இன்னைக்கு வரைக்கும் வாடகை வீடுதான். காலைல தோசையும் வடையும் நாசி லெமாக் பொட்டலமும் போட்டு விக்கிறேன், அதனால கேஸ் அடுப்பு முன்னாடி நிக்காத நாளே எனக்கு கெடையாது. பத்திரிகைக்கு கடுதாசி எழுதறது இதான் முதல் தடவ, நீளமா போச்சுனா மன்னிச்சுக்குங்க.

நான் ரெண்டு வருஷம் முன்ன காலி பண்ணிட்டு வந்த வீட்டுக்கு இப்ப புதுசா ஒரு சின்ன புள்ளைங்க ஜோடி குடி வந்திருக்காங்க, கைக்குழந்தை வேற இருக்கு. அந்த வீட்ட நெனச்சா எனக்கு ராத்திரி தூக்கம் வரல, அதான் வாடகை வீட்டு கேஸ் ஹோஸ பத்தி இத எழுதறேன்.

அந்த வீட்ட பத்தி மொதல்ல சொல்லிடறேன். தாமான்ல, அதான் டவுன் குடியிருப்புல, ஒத்த மாடி வரிசை வீடு, மாசம் 480 வெள்ளி (ரிங்கிட்). ரெண்டு மாச டெபாசிட், தண்ணி கரண்டுக்கு அரை மாசம், அக்ரிமெண்ட் எல்லாம் ஒன்னும் இல்ல, நம்ம ஆளுங்கதானேனு வாய் பேச்சுதான். அடுப்படிய பின்னால இழுத்து கட்டி மேல ஜிங்க் போட்டிருந்தாரு ஓனர். கொரங்கு வருதுனு ஜன்னல பலகை வெச்சு அடிச்சிருந்தாரு, பின் கதவுக்கு கிரில், கிரிலுக்கு பூட்டு, அந்த பூட்டுக்கு சாவி நாங்க கேட்டு கேட்டு நாலு மாசம் கழிச்சுதான் வந்துச்சு. ஆனா கேபினெட் மட்டும் ரொம்ப அழகா போட்டிருந்தாரு, மேல கண்ணாடி அடுப்பு பதிச்சு, கீழ கேஸ் தோங்கு, அதான் சிலிண்டர், வைக்கிற எடத்துக்கும் கதவு போட்டு மூடி, வெளிய இருந்து பாத்தா தோங்கு இருக்கறதே தெரியாது. வீடு பாக்க போனப்ப அவரு காட்டுனதே அந்த கேபினெட்ட தான், நாலாயிரம் வெள்ளி செலவு பண்ணேன்னு சொன்னாரு. நானும் பாத்து மயங்கிட்டேன், உண்மைய சொல்லணும்ல. லயத்துல வெறகு அடுப்புல ஊதி ஊதி கண்ணு எரிஞ்ச அம்மாவ நெனச்சுக்கிட்டேன், நமக்கு இப்படி ஒரு அடுப்படியானு.

அந்த வீட்டுல மூணாவது வருஷம் ஒரு வாரமா ஒரு நாத்தம். அழுகுன முட்டக்கோஸ் மாதிரி, செத்த எலி மாதிரி. எங்க வீட்டுக்கு பின்னால தாண்டுனா செம்பனை தோட்டம், எலிக்கு கொறச்சலே இல்ல, அதனால கேபினெட்டுக்கு அடியில ஏதோ எலி செத்து கெடக்குனு தான் எல்லாரும் நெனச்சோம். ஓனருக்கு போன் போட்டு சொன்னேன், கேபினெட்ட கழட்டி பாக்கணுமே அண்ணேன்னு, அவரு "எலிதாம்மா, மருந்து வைங்க, ரெண்டு நாள்ல போயிரும், கேபினெட்ட மட்டும் கழட்டிராதீங்க"னு சொல்லிட்டாரு. மருந்தும் வெச்சோம். மூணாவது நாள் எனக்கு நாத்தமே தெரியல, சரி போயிருச்சு போலனு விட்டுட்டேன். நாத்தம் போகல, என் மூக்கு தான் பழகிருச்சு. இது எல்லாருக்கும் நடக்கும், அந்த நாத்தத்துக்குள்ளேயே ரொம்ப நேரம் இருந்தா மூக்கு அத விட்டுரும். எங்க மாமியாருக்கு கோவிட் வந்ததுல இருந்து வாசனையே தெரியாது, அவங்கதான் பகல் பூரா வீட்டுல இருக்கறவங்க.

வெள்ளிக்கிழமை காலைல தோங்கு தீந்து போச்சு. போட்டு பத்து நாள் கூட ஆகல, எனக்கு மூணு வாரம் வர்ற தோங்கு. அப்பவாச்சும் எனக்கு உறைச்சிருக்கணும். தோங்கு கொண்டு வர்ற தம்பி கேபினெட் கதவ திறந்தவன் அப்படியே பின்னால வந்து, "அக்கா சுவிட்ச்ச தொடாதீங்க, எல்லாரையும் வெளிய கூட்டிட்டு போங்க"னு சொன்னான். அந்த நேரம் மாமியார் சாமி மேடைக்கு விளக்கேத்த திரிய எண்ணெய்ல நனச்சுக்கிட்டு இருந்தாங்க, தீப்பெட்டி மடியில. எங்க சாமி மேடை தரையோட இருக்கும், அடுப்படி வாசலுக்கு நேரா. அந்த நிமிஷத்த இப்ப எழுதும்போது கூட கை நடுங்குது.

அவன் தான் எனக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தான், பள்ளிக்கூடத்துல யாரும் சொல்லல. தோங்குல இருக்கறது எல்பிஜி, புரோபேனும் பியூட்டேனும் கலந்தது, அதுக்கு சொந்தமா வாசனை கெடையாது, ஒழுகுனா தெரியணும்னு தான் கம்பெனில நாத்த மருந்து கலக்கறாங்க. காத்தை விட கனம் அது, ஒன்றரை மடங்குல இருந்து ரெண்டு மடங்கு வரைக்கும் கனம், அதனால மேல போகாது, தண்ணி மாதிரி தரையோட ஓடி பள்ளத்துல போய் நிக்கும். நம்ம வீடுங்கள்ல பள்ளம் எது, பின்னால இருக்கற கால்வாய் தானே, வரிசை வீட்டுல ஒரு வீட்டு கால்வாய் தான் பத்து வீட்டு கால்வாய், நம்ம வீட்டுல ஒழுகுனா பக்கத்து வீட்டுல கொசுவத்தி கொளுத்துறவங்களும் மாட்டுவாங்க. தரையோட நிக்கிற கேஸுக்கு தரையில ஏத்துற குத்துவிளக்கும் சாம்பிராணியும் எவ்ளோ பக்கம்னு யோசிச்சு பாருங்க. நம்ம வீடுங்களுக்கு இது தனி ஆபத்து, இத யாரும் எடுத்து சொல்றதில்ல.

தோங்குக்குள்ள அது தண்ணியா தான் இருக்கு, வெளிய வந்தா ஏறக்குறைய 250 மடங்கு ஆவியா விரியும். என் தம்பி பையன் பாலிடெக்னிக் படிக்கிறான், அவன் கணக்கு போட்டு காட்டுனான், பத்தடிக்கு பத்தடி, பத்தடி ஒசரம் இருக்கற அடுப்படில காத்துல நூத்துக்கு ரெண்டு பங்கு கேஸ் கலந்தாலே தீ புடிக்குமாம், அதுக்கு ஒன்னேகால் கிலோ கேஸ் போதும். வீட்டு தோங்கு 14 கிலோ. மூடுன கேபினெட்டுக்குள்ளனா சொல்லவே வேணாம், கொஞ்சம் ஒழுகுனாலே அதுக்குள்ள ஆபத்தான அளவுக்கு சேந்துரும்.

அன்னைக்கு கெடச்சது என்னனா, ஹோஸ்ல எலி கடிச்ச ஓட்டை. கேபினெட் டிராயருக்கு பின்னால, கண்ணுக்கு தெரியாத எடத்துல. ஹோஸ் மேல அடிச்சிருந்த வருஷத்த தம்பி டார்ச் வெச்சு படிச்சான், நாங்க குடி வர்றதுக்கு ஆறு வருஷம் முன்னால செஞ்சது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ ஹோஸ மாத்தணும், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ கேஸ் தலைய மாத்தணும், அதான் நாங்க சொல்றது, யாரு கேக்கறானு அவன் வருத்தப்பட்டான். கேஸ் தலைனா தோங்கு மேல மாட்டுற ரெகுலேட்டர். அது துரு புடிச்சு போய் கிடந்துச்சு, தரம் பாத்து போடற சிரிம் முத்திரை இருந்த எடமே தெரியல.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். நான் ஓனருக்கு போன் பண்ணி நடந்தத சொன்னேன். அவரு ஒரு நிமிஷம் பேசல, அப்பறம் சொன்னாரு, "கேஸ் உங்க கேஸ், சமைக்கிறது நீங்க, அதுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்." நான் சொன்னேன், அண்ணே ஹோஸ் உங்க அடுப்போட வந்தது, கேபினெட்டுக்குள்ள நீங்க ஓட்டுனது, அத கழட்டக்கூடாதுனு சொன்னதும் நீங்க. அதுக்கு அவரு, இத்தனை வருஷம் யூஸ் பண்ணது நீங்கதானே, தேஞ்சா நீங்கதான் மாத்திக்கணும்னு சொல்லிட்டாரு. அவரு கெட்ட மனுஷன் இல்ல. தீபாவளிக்கு பலகாரம் கொண்டு வந்து குடுப்பாரு, என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரில கெடந்தப்ப ஒரு மாச வாடகைய தள்ளி வாங்குனாரு. அதனால தான் எனக்கு இன்னும் வருத்தம், நல்ல மனுஷனுக்கே இது தன் வேலைனு தோணல.

தோங்கு வாடகைக்காரரோடது, சரி, நாங்கதான் காசு குடுத்து வாங்கறோம். வீடும் அடுப்பும் கேபினெட்டும் ஓனரோடது. நடுவுல இருக்கற மூணு முழ ஹோஸ் யாரோடது? நாங்க நெனக்கிறோம் அது வீட்டோட வந்தது, ஓனர் பாத்துக்குவாருனு. ஓனர் நெனக்கிறாரு அது கேஸ சேந்தது, குடியிருக்கறவங்க பாத்துக்குவாங்கனு. ரெண்டு பேரும் நெனச்சுக்கிட்டே இருக்கோம், எலி கடிச்சுக்கிட்டே இருக்கு.

நானே புது ஹோஸும் புது கேஸ் தலையும் வாங்கி மாட்டுனேன், அம்பது வெள்ளி சில்லறை ஆச்சு, நான் விக்கிற வடைக்கு அது ரெண்டு நாள் லாபம், உசுருக்கு முன்னாடி அது ஒன்னும் பெருசில்லனு குடுத்தேன். அதோட அந்த தம்பி சொன்னபடி கேபினெட் கதவுல கீழ தரையோட ஒட்டி ஒரு ஓட்டை வெட்டி வலை அடிச்சேன், ஒழுகுனா உள்ள தேங்காம வெளிய வந்து நாத்தம் தெரியட்டும்னு. ஜன்னல்ல அடிச்சிருந்த பலகைய எடுத்துட்டு கொரங்குக்கு கம்பி வலை போட்டேன். வீட்ட காலி பண்ணப்ப ஓனர் சுத்தி பாத்துட்டு, கேபினெட்ட பாழாக்கிட்டீங்கனு டெபாசிட்ல 150 வெள்ளிய புடிச்சிக்கிட்டாரு. எங்கள காப்பாத்த வெட்டுன ஓட்டைக்கு நாங்களே காசு கட்டுனோம். எழுத்துல ஒன்னும் இல்ல, யார்கிட்ட போய் கேக்கறது?

எல்லா ஓனரும் இப்படினு சொல்ல வரல. இப்ப நான் இருக்கற வீட்டோட ஓனர் ஒரு சீன பாட்டி, எழுபது வயசுக்கு மேல இருக்கும், வருஷா வருஷம் சீனப் பெருநாளுக்கு முன்னால வாடகைய வாங்க வரும்போது ஒரு சின்ன பாட்டில்ல சவக்காரத் தண்ணி (சோப்புத் தண்ணி) கொண்டு வருவாங்க. வந்து ஒக்காந்து ஹோஸ் ரெண்டு முனைக்கும், கேஸ் தலைக்கும் பூசி, நுரைக் குமிழி வருதானு அவங்க கண்ணால பாத்துட்டுதான் தேத்தண்ணி குடிப்பாங்க. கிளிப் லூசா இருந்தா அவங்களே ஸ்குரூ டிரைவர் வெச்சு இறுக்குவாங்க. ஏன் பாட்டி இவ்ளோ பாக்கறீங்கனு நான் கேட்டேன், "வீடு எரிஞ்சா வீடு என்னுது, ஆளு எரிஞ்சா என்ன பண்றது"னு மலாய்ல சொன்னாங்க. அஞ்சு நிமிஷம் கூட ஆகாது அந்த வேலை. சட்டம் சொல்லி அவங்க செய்யல, யாரும் கேட்டும் செய்யல.

ஓனருங்க பக்கமும் கஷ்டம் இருக்கு, எனக்கு தெரியும், என் அண்ணனே ஒரு வீட்ட வாடகைக்கு விட்டிருக்காரு. மூணு மாச வாடகை கட்டாம ராத்திரியோட ராத்திரியா போனவங்க இருக்காங்க, கரண்டு பில்லு ஆயிரம் வெள்ளி வெச்சுட்டு போனவங்க இருக்காங்க, வீட்டுக்குள்ள வந்து பாக்கறேன்னு சொன்னா சந்தேகப்படறியானு சண்டைக்கு வர்ற குடித்தனமும் இருக்கு. அண்ணன் அதத்தான் சொல்றாரு, நான் போய் அடுப்படில குனிஞ்சு பாத்தா அவங்களுக்கு கோவம் வரும்னு. அண்ணே, வாடகைய வாங்க மாசா மாசம் போறீங்க, அதுல வருஷத்துக்கு ஒரு நாள் முன்கூட்டியே சொல்லிட்டு போங்கனு நான் சொன்னேன். போனாரு. அவரு வீட்டுல ஹோஸ் நல்லாதான் இருந்துச்சாம், ஆனா தோங்க படுக்க வெச்சிருந்தாங்களாம், எடம் பத்தலனு. படுக்க வெச்சா ஆவிக்கு பதிலா தண்ணியாவே கேஸ் தலைக்கு வரும், அடுப்புல பெரிய தீயா எழும்பும். அது அந்த குடித்தனத்துக்கு தெரியல, அண்ணனுக்கும் அன்னைக்கு வரைக்கும் தெரியல. போய் பாத்ததால தெரிஞ்சுச்சு.

சட்டத்த பத்தி கொஞ்சம் சொல்லணும். நம்ம மலேசியாவுல வேலைக்காரங்க தங்குற எடத்துக்கு ஒரு சட்டம் இருக்கு, 446 சட்டம்னு சொல்வாங்க, 1990ல தோட்டத் தொழிலாளிங்க வீட்டுக்காக வந்தது, 2019ல திருத்தி எல்லா முதலாளிக்கும்னு ஆக்கினாங்க, தொழிலாளி தங்குற எடத்துக்கு தொழிலாளர் இலாகா சர்டிபிகேட் வாங்கணும். தோட்டத்து லயத்துல இருந்த நம்ம அம்மா அப்பாவுக்காக பொறந்த சட்டம் அது, அதுல எனக்கு ஒரு பெருமை உண்டு. ஆனா தோட்டத்த விட்டு வெளிய வந்து தாமான்ல வாடகைக்கு குடியிருக்கற குடும்பத்துக்கு என்ன இருக்கு? வாடகை வீட்டுக்குனு தனி சட்டம் கொண்டு வர்றோம்னு வீடமைப்பு அமைச்சுல பல வருஷமா பேசறாங்க, நான் இத எழுதற வரைக்கும் என் கையில கெடச்சது ஒன்னும் இல்ல. ஓனருக்கும் வாடகைக்காரருக்கும் தகராறுனா 1950 ஒப்பந்தச் சட்டம் அது இதுனு கோர்ட்டுக்கு தான் போகணும், 150 வெள்ளிக்கு யாரு கோர்ட்டுக்கு போவா.

என் தங்கச்சி மகன் இங்கிலாந்துல லெஸ்டர்ல வேலை பாக்கறான், வாடகை வீடுதான். அவன்கிட்ட என் கதைய சொன்னப்ப அவன் ஆச்சரியப்பட்டான். அங்க 1998லயே விதி போட்டுட்டாங்களாம், ஓனர் குடுத்த அடுப்பு, ஹீட்டர், புகை போற குழாய் எல்லாத்தையும் 12 மாசத்துக்கு ஒரு தடவ பதிவு பண்ண கேஸ் எஞ்சினியர வெச்சு பாக்கணும், கேஸ் பைப்பையும் பத்திரமா வெச்சிருக்கணும், பாத்த பேப்பர 28 நாளுக்குள்ள குடியிருக்கறவங்களுக்கு குடுக்கணும், புதுசா வர்றவங்களுக்கு குடி வர்றதுக்கு முன்னாலயே குடுக்கணும். செய்யாத ஓனருக்கு அபராதம், ஜெயில் கூட உண்டு. குடியிருக்கறவங்க சொந்தமா வாங்கிட்டு வந்த அடுப்புக்கு ஓனர் பொறுப்பில்ல, ஓனர் குடுத்ததுக்கு ஓனர் தான் பொறுப்பு. பாருங்க, என் மூணு முழ ஹோஸ் யாரோடதுங்கற கேள்விக்கு அங்க பதில் எழுத்துல இருக்கு. அங்க குழாய்ல வர்ற கேஸ், குளிருக்கு பாய்லர் எல்லாம் இருக்கு, புகை போற வழி அடைச்சா வாசனையே இல்லாத விஷ வாயு வரும், அதனால கண்டிப்பு கூட. நமக்கு தோங்கு, நமக்கு ஏத்த மாதிரி சின்னதா ஒன்னு போதும். யார் குடுத்தாங்களோ அவங்க பொறுப்பு, வருஷத்துக்கு ஒரு தடவ பாக்கணும், பாத்தத ஒரு தாள்ல எழுதி குடுக்கணும். இவ்ளோதான்.

2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளுக்கு மறுநாள், சிலாங்கூர் புத்ரா ஹைட்ஸ்ல கேஸ் பைப் வெடிச்சு தீ எழும்புனத நாடே பாத்துச்சு. அன்னைக்கு என் கடைல வந்தவங்க எல்லாம் கேஸ் கேஸ்னு தான் பேசுனாங்க, ஒரு வாரம் பயந்தோம். அது நிலத்துக்கு அடியில போற பெரிய பைப், வேற கேஸ், வேற சமாச்சாரம், நம்ம கையில இல்லாதது. நம்ம கையில இருக்கறது அடுப்படில இருக்கு, அத யாரும் திரும்பி பாக்கல. அதே வருஷம் மே மாசத்துல இருந்து ஒப்ஸ் காசாக்னு சொல்லி மானிய கேஸ் தோங்க சோதனை பண்ண அதிகாரிங்க எறங்குனாங்க, ஒரு கிலோ 1 வெள்ளி 90 காசு மானிய விலைல வீட்டுக்கு குடுக்கறத யாரு கடைக்கு யூஸ் பண்றாங்கனு. எங்கள மாதிரி ஒட்டுக்கடைக்காரங்க எல்லாம் பதறிப்போனோம். எத்தன தோங்கு, என்ன கலர் தோங்குனு எண்ணறதுக்கு ஆள் இருக்காங்க, அந்த தோங்குல மாட்டியிருக்கற ஹோஸ் விரிசல் விட்டிருக்கானு பாக்க ஒரு ஆள் இல்லையே. வர்ற அதிகாரி அப்படியே குனிஞ்சு அதையும் பாத்துட்டு போனா என்ன?

டவுன்ல கடைங்களுக்கு மேல இருக்கற ரூம்புங்கள பத்தியும் சொல்லிடறேன். பலகை வெச்சு தடுத்து ரூம்பு ரூம்பா விடறாங்க, ஒரு ரூம்புக்கு நாலு பேரு, தமிழ்நாட்டு பசங்க, வங்காளதேசத்து பசங்க, ஒரே நடைபாதைல மூணு நாலு தோங்கு, ஒரே படி. நான் பொட்டலம் குடுக்க போவேன் அதனால தெரியும். அந்த பசங்க மூச்சு விட மாட்டாங்க, சொன்னா தூக்கி வெளிய போடுவாங்கனு பயம். எங்கள மாதிரி ஊர்க்காரங்களே ஓனர்கிட்ட சொல்ல தயங்கறோம், வேற வீடு தேடணும், பள்ளிக்கூடம் மாத்தணும், டெபாசிட் போயிரும்னு, அவங்க என்ன சொல்லுவாங்க.

அதனால ஓனருங்களுக்கு என் வேண்டுகோள் இது. சாவி குடுக்கறதுக்கு முன்னால அடுப்போட குடுக்கறீங்கனா ஹோஸும் கேஸ் தலையும் சிரிம் முத்திரை போட்டது புதுசா மாத்தி குடுங்க, நாலாயிரம் வெள்ளி கேபினெட்டுக்கு முன்னாடி அந்த அம்பது அறுபது வெள்ளி என்ன செலவு. தோங்க மூடி வைக்காதீங்க, மூடணும்னா கீழ காத்து போக வழி வைங்க, முடிஞ்சா வீட்டுக்கு வெளிய நிழல்ல நிக்க வைங்க. பின் கதவு சாவிய முதல் நாளே குடுங்க. கிரில் போட்டா உள்ள இருந்து திறக்கற மாதிரி போடுங்க, திருடன் உள்ள வராம இருக்கறதுக்கு போட்ட கிரில் குடும்பம் வெளிய போக முடியாம ஆக்கிறக்கூடாது. குடியிருக்கறவங்க நாத்தம்னு போன் பண்ணா எலினு முடிவு கட்டாதீங்க. அன்னைக்கே வாங்க, வர முடியலனா கேஸ் கடைக்காரர அனுப்புங்க.

என்ன மாதிரி வாடகைக்கு இருக்கறவங்களே, நம்ம பக்கமும் வேலை இருக்கு. நாத்தம் வந்தா லைட்ட போடாதீங்க, போட்டிருந்தா அணைக்கவும் செய்யாதீங்க, ஃபேன், ரைஸ் குக்கர் எதையும் தொடாதீங்க, சுவிட்ச்ல வர்ற சின்ன பொறியே போதும். அடுப்ப மூடி கேஸ் தலைய அடைச்சு, கதவு ஜன்னல திறந்து விட்டுட்டு, வயசானவங்க புள்ளைங்கள கூட்டிட்டு வெளிய போய், தள்ளி நின்னு 999க்கு போன் பண்ணுங்க, பொம்பா தீயணைப்பு படை வருவாங்க, இதுக்கு வர்றதுக்கு தான் அவங்க இருக்காங்க. பக்கத்து வீட்டுக்கும் குரல் குடுங்க. ராத்திரி படுக்கும்போது கேஸ் தலைய அடைக்கற பழக்கத்த இன்னைக்கே ஆரம்பிங்க. சவக்காரத் தண்ணி பூசி பாருங்க, தயவு செஞ்சு தீக்குச்சி பத்த வெச்சு பாக்காதீங்க, அப்படி பாக்கறவங்கள நான் நேர்ல பாத்திருக்கேன்.

ஆசிரியர் ஐயா, உங்க பத்திரிகைல பொம்பா அதிகாரிங்கள கேட்டு இத பத்தி தமிழ்ல ஒரு பக்கம் போட முடியுமா? வெட்டி அடுப்படில ஒட்டி வைக்கிற மாதிரி, பெரிய எழுத்துல, எங்க மாமியார் மாதிரி வயசானவங்க படிக்கிற மாதிரி. கோயில் திருவிழாவுக்கு பொம்பா வண்டி வந்து நிக்குதே, அந்த நேரம் அரை மணி நேரம் மைக்க குடுத்தா அவங்க சொல்லித் தருவாங்க, தலைவருங்க பேசற நேரத்துல கொஞ்சம் கொறச்சுக்கலாம்.

கடைசியா அந்த புது ஜோடிய பத்தி. போன வாரம் பாசார் மாலாம் ராத்திரி சந்தைல அந்த பொண்ண பாத்தேன், பேச்சு குடுத்தேன், நான் இருந்த வீடுதாம்மா அதுனு சொல்லி, கேபினெட் கதவுல கீழ ஒரு ஓட்டை இருக்கும், வலை அடிச்சிருக்கும், அத மட்டும் எதையும் வெச்சு மறைச்சிராதம்மானு சொன்னேன். அந்த பொண்ணு முழிச்சுச்சு. "ஓட்டையா, அப்படி ஒன்னும் இல்லையே ஆண்ட்டி, கதவெல்லாம் புதுசா மாத்தி இருக்கு"னு சொல்லுச்சு. ஜன்னல்ல பலகை இருக்கானு கேட்டேன், இருக்காம். ஹோஸ் புதுசா பழசானு கேட்டேன், பாத்ததில்லயாம், டிராயருக்கு பின்னால இருக்கு தெரியலன்னுச்சு. மறுநாள் அந்த கேஸ் தம்பிய அனுப்பி பாக்க சொல்லியிருக்கேன். ஓனர் அண்ணன் இந்த பத்திரிகைய தினம் வாங்கறவரு. அண்ணே, உங்க பேர நான் எழுதல. அந்த 150 வெள்ளியும் எனக்கு வேணாம். அந்த கதவுல மறுபடியும் ஒரு ஓட்டைய வெட்டி குடுங்க, அந்த வீட்டுல ஆறு மாசக் குழந்தை தரையில தவழுது.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
சுங்கை சிப்புட், பேரா